பாலைத் தாங்கும் குட்டி சோற்றை ஏன் கக்குகிறது?

கேள்வி: எங்கள் பக் இன நாய்க்குட்டிக்கு 10 வாரம். பால் குடித்தவரை நன்றாக இருந்தது. சோறு வைக்கத் தொடங்கியதும் தினமும் வாந்தி. பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. எடையும் ஏறவில்லை. என்ன செய்வது?

பதில்: பால் தங்கியது, சோறு தங்கவில்லை என்கிறீர்களே, அதுதான் துப்பு. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் பைலோரஸ் என்ற தசை வாசல் இருக்கிறது. சில குட்டிகளுக்கு அந்தத் தசை பிறவியிலேயே தடித்து, வழி குறுகியிருக்கும். பால் எப்படியோ இறங்கிவிடும், கெட்டி உணவு இறங்காது. அரிய கோளாறுதான். ஆனால் பாக்ஸர், பாஸ்டன் டெரியர், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் கூடுதலாக வரும்.

முதலில் வாந்தியை உற்றுப் பாருங்கள். வயிற்றை எக்கி எக்கிப் பீய்ச்சுகிறதா? காலையில் வைத்த சோறு மதியம் பருக்கை பருக்கையாக வருகிறதா? மஞ்சளாகப் பித்தம் கலந்திருக்கிறதா? பித்தம் பைலோரஸைத் தாண்டித்தான் குடலில் சேர்கிறது. அதனால் மஞ்சளே இல்லாத வாந்தி, அடைப்பு இரைப்பை வாசலில் இருக்கலாம் என்று காட்டும். எக்காமல், சாப்பிட்ட கையோடு உணவு வழுக்கி விழுந்தால் சந்தேகம் உணவுக்குழாய் மேல் போகும். அதற்கு வைத்தியமே வேறு. போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

பார்வோ என்ற வைரஸ் நோய் இல்லை, வேறு பொருள் எதையும் விழுங்கவில்லை என்று உறுதியானதும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற மருந்தைக் கொடுத்து அடுத்தடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அடைப்பு இருந்தால் பேரியம் மணிக்கணக்கில் இரைப்பையிலேயே தேங்கும். ஸ்கேனில் தசையின் தடிமனை அளக்கலாம்.

மருந்தால் இந்தத் தசை இளகாது, அறுவை சிகிச்சைதான் வழி. தசையை மட்டும் கீறி இறுக்கத்தைத் தளர்த்துவார்கள், அல்லது வாசலையே அகலமாக்கித் தைப்பார்கள். பெரும்பாலான குட்டிகள் நன்றாகத் தேறிவிடும். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: ரத்தப் பரிசோதனை. ஓயாத வாந்தியில் ரத்தத்திலுள்ள குளோரைடு, பொட்டாசியம் என்ற உப்புகள் இறங்கிப் போகும். டிரிப்ஸ் ஏற்றி அதைச் சரிசெய்யாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

அதுவரை, இருக்கிறதே என்று வீட்டில் மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்தைக் கொடுக்க வேண்டாம். அடைத்த வாசலை நோக்கி இரைப்பையை அது இன்னும் பிழியவைக்கும். பட்டினியும் போடாதீர்கள், இந்த வயதில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உணவைக் கூழாக அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். தினமும் எடை பாருங்கள். குட்டி துவண்டாலோ ஈறு வெளுத்தாலோ, அது ராத்திரியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.