வைஃபை கார்டு போய்விட்டதா?

கேள்வி: ஓர் அலுவலகத்தில் ஓடிய லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீட்டு வைஃபையில் ‘கனெக்டட்’ என்கிறது, ஆனால் நெட் வருவதில்லை. போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது. விற்ற கடைக்காரர், வைஃபை கார்டு போய்விட்டது, மாற்ற 1,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கார்டு செத்துப்போயிருந்தால் வைஃபை பெயர்களே பட்டியலில் வராது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு ‘கனெக்டட்’ காட்டுகிற கார்டு பெரும்பாலும் நல்ல கார்டுதான். அலுவலகத்தில் கையால் போட்டு வைத்த ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்) அழிக்காமலே விற்றிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஸ்டார்ட் மெனுவில் ‘சிஎம்டி’ தேடி, வலது க்ளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ அடித்து என்டர் தட்டுங்கள் (கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). வரிகள் கடகடவென்று ஓடும். ‘வைஃபை’ தலைப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். ‘டிஹெச்சிபி எனேபிள்டு’ (டிஹெச்சிபி என்பது ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாக வாங்கும் வசதி) எதிரே ‘நோ’ என்றிருந்தால் ஆள் அகப்பட்டான். முகவரி, உதாரணமாக, 10.20 என்று தொடங்கும், வீட்டு ரவுட்டரோ 192.168.1.1 போல வேறு நெட்வொர்க்கில் இருக்கும். அப்புறம் எப்படி நெட் வரும்?

முகவரியை ரவுட்டரிடமிருந்தே வாங்க, ‘நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபி செட் அட்ரஸ் "வைஃபை" டிஹெச்சிபி’ என்று அடியுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் பெயர், திரையில் காட்டியபடியே, ‘வை-ஃபை’ என்பதுபோல நடுக்கோட்டோடு இருக்கட்டும். பிறகு அதே வரியில் ‘அட்ரஸ்’ இருந்த இடத்தில் ‘டிஎன்எஸ்’ (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) போட்டு இன்னொரு முறை.

அடுத்து, நெட் வருகிறதா என்று பார்க்க ‘பிங் 8.8.8.8’. பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நெட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் இடைத்தரகு சர்வர்) பகுதியைப் பாருங்கள். அலுவலக லேப்டாப்களில் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும், அணைத்துவிடுங்கள்.

‘டிஹெச்சிபி எனேபிள்டு’ எதிரே ‘எஸ்’ என்றிருந்து முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, ‘ஐபிகான்ஃபிக் /ரென்யூ’ இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போடுங்கள். அதில் நெட் வந்தால்தான் கார்டையோ அதன் டிரைவரையோ சந்தேகப்பட வேண்டும். பில்லில் வாரண்டி எழுதியிருந்தால் கார்டுக்குக் கடைக்காரர் காசு கேட்பதே சரியில்லை. வாரண்டி இல்லை என்றாலும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி) அந்த 1,500-ஐவிடக் குறைவாகவே கிடைக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் எடுக்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.