கொழும்பில் குறைந்த செலவில் முதல் இலக்கு ரைபிளும் ஸ்கோப்பும் எதை வாங்கலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு விளங்குவது இதுதான். 10 மீட்டர் எயார் ரைபிளில் (காற்றழுத்தத்தால் சுடுகிற ரைபிள்) தொடங்க வேண்டும், போகப் போகப் போட்டிகளிலும் சுட வேண்டும், கையில் காசு குறைவு, யூடியூப்பில் பார்த்த 6-24×50 ஸ்கோப் (6 முதல் 24 மடங்கு பெருக்கிக் காட்டும், 50 மில்லிமீட்டர் முன்வில்லையுள்ள குறித் தொலைநோக்கி) ஒன்றில் மனம் போய்விட்டது. அப்படியென்றால் ஸ்கோப்புக்கு ஒரு சதமும் ஒதுக்க வேண்டாம். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் எயார் ரைபிளிலும் 50 மீட்டர் ரைபிளிலும் ஸ்கோப் பூட்டவே முடியாது. கண்ணுக்குப் பக்கத்தில் சிறு துளையுள்ள டயப்டர், குழல் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளியின் அகலம் 0.5 மில்லிமீட்டர். அதை யாரும் கண்ணால் கண்டு சுடுவதில்லை. 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டத்தை முன்வளையத்தின் நடுவில் நிறுத்திச் சுடுகிறார்கள், பத்து தானாக வரும்.

நான் பயிற்றுநர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து வில்லை பொருத்துவது என் தொழில். மகள் பாடசாலை அணியில் எயார் ரைபிள் சுடுகிறாள். அவளுக்காக அலைந்து படித்ததும் என் தொழிலில் தெரிந்ததும்தான் இந்தப் பதில். "ஸ்கோப் இல்லாமல் துல்லியமா?" என்று கேட்க வருபவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள். ஸ்கோப் வேண்டியவர்களுக்கும் கீழே எழுதியிருக்கிறேன்.

மகள் கிளப்பில் சேர்ந்த புதிதில், நுகேகொடைப் பக்கம் ஒருவர் தன்னிடம் ஸ்பிரிங் எயார் ரைபிளும் ஸ்கோப்பும் சேர்த்து விற்பனைக்கு இருப்பதாகச் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தோம். அவர் முதலில் சொன்னது வேகம். நொடிக்கு 1250 அடியாம். போட்டி எயார் ரைபிள் எதுவும் அந்த வேகத்தில் சுடுவதில்லை. அது 0.53 கிராம் பெலட்டை, அதாவது சிறு ஈயக் குண்டை, நொடிக்கு சுமார் 170 மீட்டரில் அனுப்புகிறது, ஒலியின் வேகத்தில் பாதி. ஒலியின் வேகத்தைக் கடந்து போய் மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது பெலட் தடுமாறும். அட்டையில் ஓட்டைகள் சிதறும். அந்தப் பெரிய எண் பெட்டியை விற்பதற்காகப் போடுவது.

அப்புறம் ஸ்கோப்பைக் கையில் தந்தார். ரைபிளை மேசையில் அசையாமல் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். எழுத்து எல்லாம் கலங்கல். தலையை மட்டும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். ரைபிள் அசையவில்லை, குறுக்குக் கோடு மட்டும் கலண்டரில் ஒரு திகதியிலிருந்து அடுத்த திகதிக்கு ஊர்ந்தது. இதைத்தான் பரலக்ஸ் என்கிறோம். சாதாரண வேட்டை ஸ்கோப்புகளை 100 யார் (சுமார் 91 மீட்டர்) தூரத்துக்குப் பொருத்தி அடைத்து அனுப்புகிறார்கள். 10 மீட்டரில் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழாது. கன்னம் ஒரு மயிரிழை மாறிப் படிந்தாலும் குறி மாறும். இதை நான் சொன்னபோது அவர் சிங்களத்தில் சொன்ன பதில்: "மிஸ், இது ஆம்பிளையள் பாவிக்கிற சாமான். பிள்ளையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நாள் முழுக்க வில்லையோடு வேலை செய்கிற என்னிடம் அதைச் சொன்னார். அங்கேயே நின்று, பரலக்ஸ் என்றால் என்ன, ஏன் அந்த ஸ்கோப் 10 மீட்டருக்கு உதவாது என்று கடதாசியில் கோடு போட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தது யார் என்றும் கேட்டேன். புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும், பெண்கள் எயார் ரைபிள் இரட்டையரில். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் எயார் ரைபிளில் நின்றவர் தெஹானி எகொடவெல. இந்த விளையாட்டில் நாட்டின் பெரிய பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் பெண்களின் பெயர்தான் முதலில் வரும்.

ஆனால் அந்த ரைபிளை வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது ஸ்கோப்புக்காக மட்டும் இல்லை. மகளுக்கு எழுதுவது வலது கை, ஆளும் கண் (குறி பார்க்க மூளை முதலில் நம்புகிற கண்) இடது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம், இன்றைக்கே பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதனூடாகச் சுவரில் ஒரு புள்ளியை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது புள்ளி மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலது கையும் இடது கண்ணும் உள்ளவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அப்படியானவர் வலது கன்னத்துக்குச் செதுக்கிய கட்டையோடு (தோளிலும் கன்னத்திலும் அணைக்கிற பகுதி) ரைபிள் வாங்கினால், ஒன்றில் ஆளும் கண்ணை மறைப்புப் போட்டு மறைக்க வேண்டும், அல்லது கழுத்தை முறித்துச் சுட வேண்டும். பயிற்றுநரோடு கதைத்து மகளை இடது தோளுக்கு மாற்றினோம். தொடக்கத்திலேயே மாற்றினால் பிள்ளைகள் சிரமமில்லாமல் பழகிவிடுவார்கள்.

கிட்டப்பார்வை இருந்தால் அதையும் முதலில் திருத்துங்கள். சுடும்போது கூர்மையாகத் தெரிய வேண்டியது முன்வளையம். இலக்கு கொஞ்சம் மங்கலாக இருக்கலாம். டயப்டரின் துளை சிறிதாக இருப்பதால் கிட்டவும் தூரவும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். அதற்காகத் துளையை மிகவும் சுருக்கினால் படம் இருண்டு கண் களைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டரைச் சுற்றி, கொஞ்சம் கூடுதலாக, சரிவரும். சாதாரண மூக்குக் கண்ணாடியோடு சுடும்போது தலை சரிவதால் வில்லையின் ஓரத்தால் பார்க்க வேண்டி வரும். வில்லையின் நடுவைக் கண்ணுக்கு நேரே திருப்பி வைக்கிற சுடுதல் சட்டகம் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அது எந்த ஸ்கோப்பைவிடவும் பெறுமதி.

சரி, ரைபிள். முதல் பருவத்துக்கு வாங்கவே வேண்டாம், கிளப் ரைபிளில் சுடுங்கள். இது காசு மிச்சம் பிடிக்கச் சொல்வது மட்டும் இல்லை. உங்கள் கைநீளம், கழுத்து, நிற்கும் விதம் எல்லாம் நிலைப்படும் முன் எந்தக் கட்டை பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகத்தை அளக்காமல் யாரும் கண்ணாடிச் சட்டகம் வாங்குவதில்லை, இதுவும் அப்படித்தான். மேல்தட்டு போட்டி ரைபிள் ஒன்று ஐரோப்பாவிலேயே 2000 யூரோவைத் தாண்டிவிடும். 2022க்குப் பிறகு ரூபாய் இருக்கிற நிலையில் அதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டாம்.

பிறகு வாங்குவதென்றால், பழையதைத் தேடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது, ஒரு தரம் நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கிற பழைய ஜெர்மன் ரைபிள், சுடுதலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து கிளப் மூலம். கன்னக்கட்டையை இடப்பக்கம் மாற்றிப் பூட்டலாம். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் மாதிரி பின்னுதைப்பை உள்ளேயே விழுங்குகிற பக்க நெம்புகோல் ரைபிள்களும் 600 வரிசையும் பழைய போட்டி ரைபிள்களில் பெயர்போனவை. வயதானாலும் குழல் நல்லதென்றால் புதிய ரைபிளுக்கு ஈடாக ஓட்டைகளை நெருக்கமாகப் போடும். ரப்பர் சீல்களை மாற்ற வேண்டி வரும், அதை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள். காற்றுச் சிலிண்டர் ரைபிள் கையில் இலகு, இளம் பிள்ளைகளுக்குக் களைப்பும் குறைவு. ஆனால் 200 பார் அழுத்தத்தில் காற்று எங்கே நிரப்புவது, அந்தக் காற்று ஈரமில்லாததா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரில் அடித்திருக்கும் திகதியையும் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். மலிவாக வருகிற பழைய சிலிண்டர் ரைபிளில் அந்தப் பத்து ஆண்டு முடிந்திருக்கும், புதுச் சிலிண்டர் விலை கையைச் சுடும்.

மிச்சக் காசைப் பெலட்டில் போடுங்கள். 4.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று வேறு வேறாக வருகிறது. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொன்று பிடிக்கும். ரைபிளை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு டின்னிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு ஓட்டைகளை ஒப்பிட்டோம். எல்லோரும் புகழ்ந்த விலை கூடிய பெலட்டைவிட நடுத்தர விலை டின் ஒன்று எங்கள் ரைபிளில் ஓட்டைகளை நெருக்கமாகப் போட்டது. அதில் ஒரே உற்பத்தித் தொகுதியாகப் பார்த்து வாங்கி வைத்தோம்.

சுடும்போது போடுகிற தடித்த ஜக்கெட்டும் தேவை. தடிப்பு ஒரு மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். இந்தியாவில் தைத்தவை விலை குறைவு. கொழும்புப் புழுக்கத்தில் நனைந்த ஜக்கெட்டைப் பைக்குள் திணித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள்.

சட்டம் பற்றி. நம் நாட்டில் துப்பாக்கிக்கான சட்டம் 1916இல் வந்த கட்டளைச் சட்டம், 1996இல் தண்டனைகளோடு இறுக்கித் திருத்தினார்கள். எயார் ரைபிள்தானே, விளையாட்டுச் சாமான்தானே என்று வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் சொல்லி எடுப்பிக்காதீர்கள். கிளப்பில் சேர்ந்து, அவர்கள் மூலம் அனுமதி எடுத்து, பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் காசைக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ரைபிள் கிளப் பெட்டகத்தில்தான் இருக்கிறது. என் மாமியாருக்கு அதுவே நிம்மதி. யாழ்ப்பாணத்தில் இருந்தவர், "துவக்கு" என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்ல விடமாட்டார். அவர் பட்டதை அறிந்தவள் என்பதால் நான் வாதாடவில்லை. ஒருநாள் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பேத்தி சுட்டு முடியும்வரை கண்ணை எடுக்காமல் இருந்தார்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தெரிவுப் போட்டி பற்றிய அறிவித்தல் தனிச் சிங்களத்தில் வந்தது. மகளின் அணியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை, நன்றாகச் சுடக்கூடியவள். அவள் வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஒரு பக்கக் கடிதத்தை மொழிபெயர்த்து அனுப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஆர்வமில்லை என்று பிறகு அந்த அறிவித்தலை அனுப்பியவர்களே சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எந்த அறிவித்தல் வந்தாலும் நான் தமிழில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் வட்சப்பில் போடுகிறேன். நீங்களும் கிளப்பில் சேர்ந்தால் அதைச் செய்யுங்கள், தம்பி.

போட்டி வேண்டாம், கிளப்பில் மேசையில் வைத்து ஸ்கோப்போடு சுடுவதுதான் ஆசை என்றால், அதுவும் நல்ல பயிற்சிதான், யாரும் குறை சொல்ல முடியாது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு. பரலக்ஸை 10 யார் வரை இறக்கக்கூடிய வளையமோ பக்கக் குமிழோ இருக்க வேண்டும். ஸ்பிரிங் ரைபிள் என்றால் எயார் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொன்ன ஸ்கோப்பை மட்டும் எடுங்கள். அந்த ரைபிள் பின்னுக்கும் முன்னுக்குமாக இரண்டு பக்கமும் உதைக்கும், பெரிய துப்பாக்கியில் நின்றுபிடிக்கிற ஸ்கோப்கூட இதில் உள்ளே கழன்றுவிடும். 24 மடங்கு உருப்பெருக்கத்துக்கு ஆசைப்பட வேண்டாம். முன்வில்லை 50 மில்லிமீட்டரை 24ஆல் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை 2 மில்லிமீட்டர்தான், மழை இருட்டில் படம் மங்கிவிடும். 40 மில்லிமீட்டர் வில்லையில் 10 மடங்கென்றால் 4 மில்லிமீட்டர், கண்ணுக்கு இதம். இன்னொன்று, குறியைத் திருத்துகிற குமிழின் வழக்கமான கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 10 மீட்டரில் 0.7. போட்டி அட்டையின் பத்துப் புள்ளியைவிட அந்த ஒரு கிளிக் பெரிது.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஸ்கோப் வில்லையில் பூஞ்சணம் வரும். கடைக்குக் கொண்டுவருகிற பைனாகுலர்களில் நான் அடிக்கடி பார்ப்பது. மலிவு ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்துத் தர யாருமில்லை. சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

நான் சொன்ன முக்கோணச் சோதனையைச் செய்து, ஆளும் கண் எது, எந்தக் கையால் எழுதுகிறீர்கள், கண்ணாடி போடுகிறீர்களா என்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள். கட்டை பற்றியும் சுடுதல் சட்டகம் பற்றியும் அதைப் பார்த்து எழுதுகிறேன்.