முப்பட்டகமும் நிறங்களும்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி மாணவி): முப்பட்டகம் (முக்கோண வடிவக் கண்ணாடித் துண்டு) வழியே போகும் வெள்ளை ஒளிக்கு நிறம் ஏற்றுவது கண்ணாடிதானே அண்ணா?

இல்லைம்மா. நிறங்கள் வெள்ளை ஒளியிலேயே இருக்கின்றன. நீங்கள் கேட்டபடிதான் நியூட்டன் காலத்திலும் பலர் நம்பினார்கள். அவர் முதல் முப்பட்டகத்திலிருந்து வந்த ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஓட்டை வழியே விட்டு, இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்தினார். ஒளி மறுபடி விலகியது, நிறம் மாறவில்லை. கண்ணாடி நிறம் ஏற்றுவதாக இருந்தால் இங்கேயும் ஏற்றியிருக்க வேண்டுமே? 1672இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்கியிருக்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஊதா ஏன் அதிகம் விலகுகிறது? அலைநீளம் குறைவு என்பதாலா?

அது பாதி பதில்தான் தம்பி. கண்ணாடியில் இருக்கும் எலக்ட்ரான்களுக்கு இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு, அது புற ஊதாப் பகுதியில் வரும். ஊதா ஒளி அதற்கு நெருக்கம் என்பதால் எலக்ட்ரான்களை அதிகம் ஆட்டுகிறது, அதனாலேயே கண்ணாடிக்குள் அதன் வேகம் கூடுதலாகக் குறைகிறது. சாதாரண கிரவுன் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் (ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதைக் காட்டும் எண்) சிவப்புக்குச் சுமார் 1.51, ஊதாவுக்கு 1.53. இத்துனூண்டு வித்தியாசம்தான்!

கேள்வி: அப்படியானால் ஜன்னல் கண்ணாடி ஏன் நிறங்களைப் பிரிப்பதில்லை?

அதுவும் பிரிக்கிறது. இரண்டு பக்கங்களும் இணையாக இருப்பதால் எல்லா நிறமும் மறுபடி ஒரே திசையில் வெளியேறி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முப்பட்டகத்தில் பக்கங்கள் சாய்வு. முதல் பக்கத்தில் ஏற்பட்ட பிரிவை இரண்டாவது பக்கம் இன்னும் கூட்டுகிறது.

கேள்வி (ஆசிரியை): வகுப்பில் செய்து பார்த்தோம். நடுவில் வெள்ளை, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, நீலம். பச்சை வரவே இல்லை.

டீச்சர், முப்பட்டகத்தில் குறை இல்லை. ஒளிக்கற்றை அகலமாக இருந்திருக்கும். கற்றையின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நிறமாலையை (நிறப் பட்டையை) போடும். அவை நடுவில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகிவிடும். கறுப்பு அட்டையில் பிளேடால் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி, முப்பட்டகத்தின் விளிம்பு அதற்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். 60 பாகை முப்பட்டகம் என்றால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே சுமார் ஒன்றரை பாகைதான் வித்தியாசம். 2 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் நிறப் பட்டை ஏறத்தாழ 5 செ.மீ. அகலம்தான் வரும். மேசைமேலேயே காகிதத்தைப் பிடித்தால் எப்படித் தெரியும்? அப்புறம், செல்போன் டார்ச் வேண்டாம். வெள்ளை எல்.இ.டி.யில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒளி குறைவு, பட்டை அங்கே மங்கலாக வரும். வெயில்தான் சரி. பிள்ளைகள் முப்பட்டகம் வழியாகச் சூரியனைப் பார்க்காமல் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறம் சரியாக ஏழுதானா?

எண்ண முடியாது, தொடர்ச்சியாக மாறிக்கொண்டே போகும். இசையின் ஏழு சுரங்களோடு பொருத்தி ஏழு என்று வைத்தவர் நியூட்டன்.

கேள்வி: சி.டி.யில் தெரியும் வானவில்லும் இதேதானா?

இல்லை. அங்கே நெருக்கமான தடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளின் விளிம்பு விளைவு (அலைகள் வளைந்து பரவி ஒன்றோடொன்று கலப்பது) வேலை செய்கிறது. வரிசையைப் பாருங்கள்: சி.டி.யில் அதிகம் விலகுவது சிவப்பு, முப்பட்டகத்தில் ஊதா.