தேதியும் மழையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘வரலாற்றில் இன்று’ குறிப்பு தினமும் எழுதுகிறேன். நியூட்டன் பிறந்த நாள் டிசம்பர் 25-ஆ, ஜனவரி 4-ஆ?

பதில்: இரண்டும் சரிதான். அப்போது இங்கிலாந்தில் இருந்தது பழைய ஜூலியன் நாட்காட்டி, அதன்படி 25.12.1642. இன்றைய கிரிகோரியன் கணக்கில் 4.1.1643. ஆண்டும் சேர்ந்து மாறுவதைக் கவனியுங்கள். ‘1642 ஜனவரி 4’ என்று கலந்து எழுதிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகள் 1582-லேயே அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று மாற்றிக்கொண்டன. பிரிட்டன் 1752-ல் மாறியது, ரஷ்யா 1918-ல்தான். ஆகவே முதலில் எந்த நாடு, எந்த ஆண்டு என்று பாருங்கள். எந்த நாட்காட்டி என்பதையும் தேதியின் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வாசகருக்குச் செய்யும் மரியாதை அது.

கேள்வி: வீட்டிலேயே மழையளவு எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். வாளி வேண்டாம், மேல்பக்கம் அகன்றிருப்பதால் அளவு கூடுதலாகக் காட்டும். சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் வெயிலில் ஆவியாகிவிடும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர்.