முகாம் அடுப்பைச் சமமட்டமாக வைப்பது ஏன் அவசியம்?

வெளியிடங்களில் சமைக்கும்போது அடுப்பைச் சமமட்டமாக வைப்பது என்றால், பாத்திரம் அமரும் பரப்பு எப்பக்கமும் சாயாமல் கிடையாக இருப்பதாகும். சாய்ந்தால் எண்ணெய் ஒருபுறம் தேங்க, மறுபுறம் உணவு கருகும். எரிவாயுக் குப்பியின் தலையிலேயே பொருத்தப்படும் அடுப்பிலோ ஆபத்து இன்னும் பெரிது: உயரம் மிகுந்து அடிப்பரப்பு குறுகியிருப்பதால், தட்டின் ஓரத்தைச் சற்று உயர்த்தியதும் அதன்மேல் நிற்கும் நெட்டைத் தம்ளர் சரிவதுபோல், கொதிநீரோடு அது கவிழக்கூடும், குப்பி மிகவும் சாய்ந்தால், உள்ளிருக்கும் திரவ எரிபொருள் ஆவியாகாமலே எரிமுனையை அடைந்து, தீ திடீரெனப் பொங்கி எழலாம். ஆகவே பற்றவைக்கும் முன்பே, பாத்திரத்தில் சிறிது நீர் ஊற்றி, அது எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் நிற்கிறதா என்று பார்த்து, அடியிலுள்ள மண்ணைச் சீர்செய்துகொள்ளுங்கள். மூன்று கால் அடுப்பு ஆடாமல் நிற்பதால் அது மட்டமாகவும் இருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். மூன்று கால்கள் ஆட்டத்தைத் தடுக்குமே தவிர, சாய்வைத் தடுப்பதில்லை.