குல்தாராவின் சாபமும் கடீன் கரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் சென்றிருந்தோம். நகரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குல்தாரா என்ற ஆளில்லாத ஊரையும் பார்த்தோம். ஊர்த்தலைவரின் மகளைத் திவான் சாலிம் சிங் பெண் கேட்டதாகவும், மானம் காக்க 84 ஊர்களின் பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் வெளியேறியதாகவும், இனி இங்கே எவரும் குடியிருக்க முடியாது என்று சாபமிட்டுப் போனதாகவும் வழிகாட்டி சொன்னார். இது உண்மையா? என் தந்தை மானாவாரி விவசாயி. கூரையற்ற அந்த வீடுகளுக்கு நடுவே நின்றபோது எனக்குச் சாபத்தைவிட வேறொரு கேள்விதான் பெரிதாகத் தோன்றியது. புல்லும் முளைக்காத அந்த இடத்தில் அவர்கள் எதை விதைத்து உண்டார்கள்?

எஸ்., அருப்புக்கோட்டை

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். குல்தாரா ஒரே இரவில் காலியான ஊர் அன்று. இன்று அங்கே ஏறத்தாழ 410 வீடுகளின் இடிபாடுகள் எண்ணப்பட்டுள்ளன. 1815 வாக்கில் அவ்வூரில் 200 வீடுகளில் 800 பேர் இருந்ததாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் பதிவு செய்கிறார். அப்படியானால் அதற்கு முன்பே பாதி ஊர் கலைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். 1890-இல் 37 பேர் எஞ்சியிருந்தார்கள். சாபம் விழுந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இரண்டு தலைமுறை கழித்தும் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 1815-க்குள் ஊரின் பெரும்பாலான கிணறுகள் வற்றிவிட்டன. 1850-இல் ஒரு படிக்கிணறும் இரண்டு ஆழ்கிணறுகளுமே நீர் தந்தன. நிலநடுக்கத்தில் ஊர் சிதைந்திருக்கலாம் என்று 2017-இல் சில நிலவியலாளர்கள் எழுதினார்கள். நான் வற்றிய கிணறுகளையும் வரிச்சுமையையுமே முதன்மையான காரணங்களாகக் கருதுகிறேன்.

ஆனால் சாலிம் சிங் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஜெய்சல்மேர் அரசின் திவானாக இருந்து, குடிகளைக் கசக்கிப் பிழிந்தவர். அந்தக் கொடுமை தாங்காமல் வசதியுள்ள குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேறியதை டாட் கடுமையான சொற்களில் எழுதியிருக்கிறார். பெண் கேட்ட கதை நடந்ததோ இல்லையோ, அதற்குள் இருக்கும் வடு உண்மையானது. ஆகவே அந்தக் கதையைச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லப்படாமல் போவதுதான் எனக்கு வருத்தம். பாலிவால்கள் அங்கே ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். ஊருக்கு வெளியே உள்ள நினைவுக்கற்களில் இரண்டு, 1235-லும் 1238-லும் இறந்தவர்களுக்காக நடப்பட்டவை. ஆறு நூற்றாண்டு வாழ்க்கையை விட்டுவிட்டு, ஓர் இரவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கே ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ராஜஸ்தானிலேயே உள்ள பாலி என்னும் ஊர்ப்பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த இந்த மக்கள், மணலை நம்பாமல் பாறையை நம்பினார்கள். ஜெய்சல்மேரைச் சுற்றி மண் மூடாத கல்மேடுகள் பல இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மழை விழுந்தால் பாறை குடிக்காது. அத்தனை நீரும் வண்டலை அரித்துக்கொண்டு சரிவில் இறங்கிவிடும். அந்தச் சரிவு முடியும் பள்ளத்தில், நூறு முதல் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலாக, மண்கரை ஒன்றைப் போட்டு நீரை மறித்தார்கள். இதற்குக் கடீன் என்று பெயர். பயிரிடும் ஒரு பங்கு நிலத்துக்குப் பத்துப் பதினைந்து பங்கு பாறைச்சரிவு வேண்டும். பதினைந்து ஏக்கரில் பெய்த மழையை ஒரு ஏக்கர் உண்கிறது என்று வைத்துக்கொண்டால், பாலையில் கோதுமை விளைந்த விதம் விளங்கிவிடும்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் எளிதில் பிடித்துக்கொள்வீர்கள். கண்மாயில் நீரைத் தேக்கி, மடையைத் திறந்து, கரைக்கு வெளியே உள்ள வயலுக்குப் பாய்ச்சுகிறோம். கடீனில் வயலே உள்வாயில் இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் நீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும். மிகுந்தால் வழிந்தோடக் கரையில் கலுங்கு உண்டு. கார்த்திகைக்கு முன்னும் பின்னும், விதைக்கும் வேளையிலும் நீர் நின்றால் மடை வழியாக வடித்துவிட்டு, சேறு காய்ந்து பதம் வந்ததும் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் பாய்ச்சுவதில்லை. உரமும் தேவைப்படுவதில்லை; ஆண்டுதோறும் வண்டல் வந்து படிகிறது. மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் மார்ச்சில் முற்றிவிடும். கீழே கசிந்து போகும் நீர் உப்பையும் இழுத்துச் சென்றுவிடுவதால் நிலம் உவர்ப்பதில்லை. கரைக்கு வெளியே கிணறு வெட்டினால் அந்தக் கசிவே குடிநீராகக் கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், இப்படி ஒரு கடீனில் இறங்கி நடந்தேன். கரையின் ஒருபுறம் வெளிறிய கல்லும் முள்ளும்; மறுபுறம் முழங்கால் உயரக் கோதுமை. அங்கிருந்த முதியவர் பயிருக்கு நடுவே குந்தி, காய்ந்து வெடித்திருந்த மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு விலக்கி, அடியிலிருந்த மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது குளிர்ந்திருந்தது. அவர் விரல்களை மடக்கச் சொல்லிக் கைகாட்ட, நானும் இறுகப் பிடித்தேன். விரித்தபோது மண் உருண்டையாக நின்றது. என் கைரேகை அதில் பதிந்திருந்தது. கடைசி மழை பெய்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வரப்போரத்தில் நின்ற வன்னிமரத்தை, அவர்கள் மொழியில் கேஜ்ரியை, அவர் வெட்டாமல் வைத்திருந்தார். அதன் இலை ஆட்டுக்கும் காய் சமையலுக்கும் உதவும்.

அந்த மக்கள் நீரை எத்தனை நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய சொற்களே சாட்சி. மேலே ஓடியும் தேங்கியும் கிடக்கும் மழைநீர் பாலர் பானி. நிலத்தின் ஆழத்தில் இருப்பது பாதாள் பானி. அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் இடையில், ஜிப்சம் என்னும் கனிமப் படுகை தடுத்து நிறுத்துவதால் உப்புநீரில் கலந்துவிடாமல் மணலில் ஈரமாகத் தங்கியிருப்பது ரெஜானி பானி. அதை எடுக்கக் குறுகலான சிறு கிணறுகளைத் தோண்டி, கசிந்து ஊறும் நீரைச் சேந்திக்கொள்கிறார்கள். நமக்கு ஒரே வறட்சியாகத் தெரியும் நிலத்தில் அவர்கள் மூன்று நீரைப் பார்த்தார்கள்.

அன்று கடீன் நிலம் அரசருடையதாக இருந்தது. உழுதவர்கள் விளைச்சலில் நான்கில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுத்தார்கள். விளைச்சல் ஓரளவு உறுதியாக இருந்ததால் பாலிவால்கள் செழித்தார்கள், வணிகம் செய்தார்கள், கடனும் கொடுத்தார்கள். அந்தச் செழிப்பே திவானின் கண்ணை உறுத்தியது என்று நினைக்கிறேன். புறப்பட்டுப் போகிறவன் ஆட்டையும் நகையையும் கொண்டுபோகலாம். கரையைக் கொண்டுபோக முடியாது. பல தலைமுறை வண்டல் சேர்ந்த அந்த நிலத்தை விட்டுச் செல்ல அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை, மானாவாரி விவசாயியின் மகளான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாபம் என்ற சொல் அந்த வலியிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

ஆனால் கடீன்கள் அவர்களோடு அழிந்துவிடவில்லை. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாக ஐந்நூறு கடீன்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இன்று வேறு சமூகத்தார் அவற்றை உழுகிறார்கள். கரை உடைந்தால் கூடிக் கட்டுகிறார்கள். ஜோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இந்த முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். புதிய கடீன்களும் கட்டப்படுகின்றன.

மீண்டும் போவீர்களானால் ஜனவரியில் போங்கள். குல்தாராவோடு திரும்பிவிடாமல், பாலிவால்களின் இன்னொரு ஊரான காபாவுக்கும் செல்லுங்கள். வண்டி ஓட்டுபவரிடம் பேய் வீட்டைக் கேட்காமல் கடீன் எங்கே என்று கேளுங்கள்; உள்ளூர்க்காரராக இருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும். முடிந்தால் உங்கள் தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.