பதில்: தங்கச்சிமடத்தில் பிரசவம், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்

சகோ, மனைவிக்குக் கர்ப்பத்தின் 36ஆவது வாரத்தில் அட்டைச் சோதனையில் (உடனே முடிவு தரும் ரத்தச் சோதனை) ஹெச்பிஎஸ்ஏஜி, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதைக் காட்டும் குறி, பாசிட்டிவ், சிசேரியன் வேண்டுமா, தாய்ப்பால் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்காகச் சிசேரியன் தேவையில்லை. பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் எலிசா என்ற ஆய்வக ரத்தச் சோதனையில் உறுதி செய்யுங்கள், ரத்தத்தில் வைரஸ் அளவும் பாருங்கள். மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். அதை 28ஆம் வாரத்திலேயே தொடங்குவதுதான் நல்லது. தாமதமானாலும் மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

உண்மையான ஓட்டம் குழந்தை பிறந்த பிறகுதான். 12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி: ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0.5 மி.லி., மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்). தடுப்பூசி எங்கும் கிடைக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படியில்லை, விலையும் அதிகம். வலி வந்தபின் தேடினால் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை அலைய நேரும். பிரசவம் பார்க்கும் இடத்தில் இருப்பு உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். வெளியே வாங்கினால் 2 முதல் 8 டிகிரியில், ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். மீன் பெட்டியில் போடுவதுபோல் ஐஸ்கட்டிமேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். இம்யூனோகுளோபுலின் கிடைக்கவில்லை என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி மட்டுமே போட்டாலும் பெரும் பாதுகாப்பு.

பிரசவத்துக்குச் சேர்க்கும்போது ரிப்போர்ட்டைப் பணியில் இருக்கும் நர்ஸ் கையிலேயே கொடுத்துச் சொல்லுங்கள். பணி மாறும் நேரத்தில்தான் இது விட்டுப்போகும். பிறகு குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி). 9 மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை. அதற்கு முன் செய்தால் முடிவு குழப்பும். நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள், நெகட்டிவ் என்றால் மூன்று தவணை ஊசி.